மூவகைத் தசைத் திசு ஸ்லைடு பெட்டி: பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டுப் பார்த்தால்

மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்குப் பொருள் வாங்குவதில் மிகவும் குழப்பம் தருவது ஸ்லைடு பெட்டிதான். நுண்ணோக்கியைக் கடையிலேயே இயக்கிப் பார்த்துவிடலாம். வேதிப்பொருளுக்குத் தரக் குறியீடு உண்டு. ஸ்லைடின் தரமோ அதை லென்ஸுக்குக் கீழே வைக்கும்வரை தெரிவதில்லை. கடைக்காரர் பெட்டியைத் திறந்து, சிவப்பும் ஊதாவுமாகக் கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் சிறு துணுக்கைக் காட்டுவார். அந்தத் துணுக்கின் நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அதற்குள் மாணவருக்கு என்ன தெரியும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. இந்த ஆண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய ‘தசைத் திசு’ பெட்டியைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது அதனால்தான். அறிவியல் கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹரியானாவின் அம்பாலாவில் தயாரானது இது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கே சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

பெட்டியில் ஆறு ஸ்லைடுகள் உள்ளன: எலும்புத் தசையின் நெடுக்குவெட்டும் குறுக்குவெட்டும், செல் செல்லாகப் பிரித்தெடுத்த மென்தசை, சிறுகுடலின் குறுக்குவெட்டு, இதயத்தசையின் நெடுக்குவெட்டு, நாக்கின் வெட்டு. கூடவே ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு விளக்கத் தாள் உண்டு. விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். தசைத் திசு எலும்புத் தசை, மென்தசை, இதயத்தசை என மூன்று வகைப்படும் என்பதும், அவற்றில் வரியுள்ளவை எவை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை எவை என்பதும் பாடநூல் படித்த எந்த மாணவருக்கும் மனப்பாடம். எனவே ஒரு ஸ்லைடு அந்தப் பட்டியலைத் திரும்பச் சொல்லிக் காட்டினால் போதாது. நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான்: கண்ணாடியின் ஓரத்தில் உள்ள பெயர்ச்சீட்டைத் தாளால் மறைத்துவிட்டு, உள்ளே தெரிவதை மட்டும் கொண்டு ஒரு பதினோராம் வகுப்பு மாணவர் ‘இது இன்ன தசை’ என்று காரணத்தோடு சொல்ல முடிகிறதா? இந்தச் சோதனையில் எலும்புத் தசை நன்றாகத் தேறியது; மென்தசை உதவியோடு தேறியது; இதயத்தசை தேறவில்லை.

எலும்புத் தசையின் நெடுக்குவெட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஸ்லைடுக்கே தகும். வழக்கமான ஹீமட்டாக்சிலின்–இயோசின் சாயத்துக்குப் பதிலாக இதற்கு இரும்பு ஹீமட்டாக்சிலின் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் இளஞ்சிவப்புப் பின்னணியில் மங்கிப்போகாமல், குறுக்கு வரிகள் கருநீலமும் வெளுப்புமாக மாறி மாறித் துல்லியமாக விழுகின்றன. 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் 40 மடங்கு பொருளருகு லென்ஸும் சேர்ந்து தரும் 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே, பள்ளிக்கூடத்துச் சாதாரண நுண்ணோக்கியில், வரிகளை எண்ணிவிடலாம். இதற்குக் கணக்கும் ஒத்துவருகிறது. ஓய்வுநிலைத் தசையில், அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் வரி அலகான ஒரு சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். பரவலாகப் புழங்கும் 40 மடங்கு லென்ஸ், அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டக்கூடியது. ஆக, கரும்பட்டையும் வெண்பட்டையும் தெரிய வேண்டியவைதான். தெரியவில்லை என்றால் குற்றம் சாயத்திலோ வெட்டின் தடிப்பிலோ இருக்கிறது. ஒளிக்குவிப்பானுக்குக் கீழே உள்ள திரையைக் கொஞ்சம் மூடினால் வரிகள் இன்னும் எடுப்பாக நிற்கும். முழுவதும் திறந்துவைத்து ஒளியை வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்வது எல்லா ஆய்வகங்களிலும் நடப்பதுதான்.

இழைகளின் உட்கருக்களும் இந்த ஸ்லைடில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. எலும்புத் தசையின் ஒவ்வொரு இழையும் கருவளர்ச்சியின்போது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. அதனால் ஓர் இழைக்குள் பல உட்கருக்கள் உண்டு. அவை நடுவில் கிடக்காமல் உறையை ஒட்டி ஓரமாக ஒதுங்கியிருக்கும். நெடுக்குவெட்டில் இது அவ்வளவு தெளிவாகப் புரிவதில்லை, ஏனென்றால் இழையின் மேற்பரப்பை ஒட்டி வெட்டு சென்றிருந்தால், ஓரத்து உட்கருவும் நடுவில் இருப்பதுபோலத் தோற்றம் தரும். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்குத்தான் குறுக்குவெட்டு. இந்தப் பெட்டியின் குறுக்குவெட்டு ஸ்லைடில் இழைகள் ஒன்றையொன்று நெருக்கும் பலகோணங்களாக, ஓரங்களில் புள்ளி வைத்தாற்போல உட்கருக்களோடு அழகாக அமைந்துள்ளன. நலமான தசையில் நூற்றுக்கு மூன்று இழைகளுக்கு மேல் நடுவில் உட்கரு தெரிந்தால் நோயியல் வல்லுநர்கள் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, மாணவர்கள் தாமாகவே எண்ணத் தொடங்கினார்கள். ஒரு ஸ்லைடு அந்த அளவுக்கு இடம் கொடுப்பது அரிது. இழைக் கற்றையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு உறையான பெரிமைசியமும், ஒவ்வோர் இழையையும் தழுவியிருக்கும் மெல்லிய உறையான எண்டோமைசியமும் வேறுபடுத்தித் தெரிகின்றன. ஓரிடத்தில் மட்டும் பாரஃபின் துண்டு மடிந்து ஒரு கருங்கோடு விழுந்திருக்கிறது. அதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை; திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் வெட்டிய எந்தத் துண்டிலும் எங்காவது ஒரு மடிப்பு இருக்கத்தான் செய்யும்.

இந்த இரு ஸ்லைடுகளோடு வந்த விளக்கத் தாள்தான் உறுத்துகிறது. கரும்பட்டையின் நடுவே எச் மண்டலம், அதன் நடுவே எம் கோடு, வெண்பட்டையின் நடுவே இசட் கோடு என்று எல்லாவற்றையும் வரைந்து, ஸ்லைடிலும் இவை தெரியும் என்பதுபோல அம்புக்குறி இட்டிருக்கிறார்கள். பள்ளி நுண்ணோக்கியில் இசட் கோடு தெரிவதே நல்வாய்ப்பு. எம் கோடு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உரியது. விளைவு என்னவென்றால், மாணவர் லென்ஸைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்து வரைகிறார். தெரிந்ததை வரைந்தால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் அவருக்கு. உண்மையில், அந்த வெறும் கரும்பட்டை–வெண்பட்டை வேறுபாடே எவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கியிருக்கிறது என்பதைத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். 1954 மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன: ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. முன்னவர்கள் தவளையின் உயிருள்ள தசை இழைகளையும், பின்னவர்கள் முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளையும் பார்த்தார்கள். தசை சுருங்கும்போது வெண்பட்டை குறுகுகிறது, கரும்பட்டையின் அகலமோ மாறுவதில்லை என்பதே இரு குழுவினரும் கண்டது. தசைக்குள் உள்ள நுண்ணிய புரத இழைகள் தாம் குறுகாமல் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிச் செல்கின்றன என்ற கோட்பாடு அதிலிருந்து எழுந்தது. அவர்கள் அளந்த அதே இரு பட்டைகள்தான் இந்த ஸ்லைடில் தெரிகின்றன.

மென்தசைக்கு இரண்டு ஸ்லைடுகள் கொடுத்திருப்பது நல்ல முடிவு. பிரித்தெடுத்த செல்களின் ஸ்லைடில், இரு முனையும் கூர்ந்து நடுப்பகுதி சற்றே பருத்த கதிர்வடிவச் செல்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீண்ட ஓர் உட்கரு, வரி ஏதும் இல்லை. பாடநூல் படத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அதனாலேயே மாணவர்கள் உடனே அடையாளம் கண்டார்கள். ஆனால், உடலில் மென்தசை இப்படித் தனிச் செல்களாகக் கிடப்பதில்லை. குடல், இரத்தக் குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் அடுக்கடுக்காகத் தாள்போலப் படிந்திருக்கிறது. அந்த உண்மை நிலையைக் காட்டுவது சிறுகுடல் ஸ்லைடு.

இந்தச் சிறுகுடல் ஸ்லைடில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடலின் தசைச் சுவரில் உள்ளடுக்கு குடலைச் சுற்றி வளையமாகவும், வெளியடுக்கு குடலின் நீளவாக்கிலும் ஓடுகிறது. குடலைக் குறுக்கே வெட்டினால், வளைய அடுக்கின் செல்கள் நெடுக்குவாட்டில் வெட்டுப்பட்டுக் கதிர்வடிவமாகத் தெரியும். நீள அடுக்கின் செல்களோ வட்டப் புள்ளிகளாகத் தெரியும். அதாவது, ஒரே கண்ணாடியில் ஒரே வகைத் தசையின் இரண்டு தோற்றங்கள். இதை எடுத்துச் சொல்லாவிட்டால் மாணவர் அவற்றை இரு வேறு திசுக்கள் என்றே எழுதுவார். வட்டங்களில் பலவற்றில் உட்கரு இல்லாததும் குழப்பும். மென்தசைச் செல் 200 மைக்ரோமீட்டர் வரை நீளக்கூடியது; உட்கரு அதன் நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிடித்திருக்கிறது. 5 மைக்ரோமீட்டர் அளவில் மெல்லியதாகச் சீவிய வெட்டு எல்லாச் செல்களிலும் உட்கருவைத் தொட்டுச் செல்ல வாய்ப்பே இல்லை. வட்டங்கள் பெரிதும் சிறிதுமாக இருப்பதற்கும் காரணம் இதுவே: சில செல்களின் பருத்த நடுப்பகுதியும், சில செல்களின் கூர்ந்த முனையும் ஒரே வெட்டில் அகப்படுகின்றன. இவ்வளவையும் விளக்கத் தாள் ஒரு சொல்லில்கூடத் தொடவில்லை. இரு அடுக்குகளுக்கும் இடையே வெளிர்நிறத்தில் தெரியும் நரம்புச் செல் கூட்டங்களையும் அது குறிப்பிடவில்லை. குடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அவர்பாக் வலைப்பின்னல் அது. எங்கள் ஸ்லைடில் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. விற்பவருக்கே தம் சரக்கின் அருமை தெரியவில்லை போலும்.

குறையும் உண்டு. சிறுகுடல் ஸ்லைடுக்கு ஹீமட்டாக்சிலின்–இயோசின் மட்டுமே ஏற்றியிருப்பதால், மென்தசையும் அதற்கு அடுத்துள்ள இணைப்புத் திசுவின் கொலாஜனும் ஏறக்குறைய ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. பழகிய கண், கொலாஜன் இழைகளின் அலைவடிவத்தையும் அவற்றிடையே உள்ள ஒல்லியான உட்கருக்களையும் வைத்துப் பிரித்துவிடும். மாணவரின் கண்ணுக்கு அது கடினம். மேசன் மூவண்ணச் சாயத்தில் தசை சிவப்பாகவும் கொலாஜன் நீலமாகவோ பச்சையாகவோ நிற்கும் என்பதால் இந்தக் குழப்பமே எழாது. விலை சற்றுக் கூடினாலும் அதில் ஒரு ஸ்லைடு கொடுத்திருந்தால் நான் குறைசொல்ல மாட்டேன்.

இதயத்தசை ஸ்லைடு ஏமாற்றம் தந்தது. இதயத்தசையை இனங்காண மூன்று அடையாளங்கள் தேவை: இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று சேர வேண்டும், செல்லின் நடுவில் ஒன்றோ இரண்டோ உட்கரு இருக்க வேண்டும், செல்லும் செல்லும் சந்திக்கும் இடத்தில் இடைச்செருகு தட்டு குறுக்கே கருங்கோடாக ஓட வேண்டும். கிளைகள் தெரிகின்றன. உட்கருக்கள் நடுவில்தான் இருக்கின்றன. ஆனால், உயிர்நாடியான தட்டுகள் மட்டும் எங்கு தேடினாலும் ஐயத்துக்கு இடமின்றி அகப்படவில்லை. 1000 மடங்கு உருப்பெருக்கத்தில், எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்தபோதும், ‘இதுவாக இருக்கலாம்’ என்று சொல்லத்தக்க சில மங்கல் கோடுகளே கிடைத்தன. குறுக்கு வரிகளும் மங்கல்தான். எலும்புத் தசைக்கு இரும்பு ஹீமட்டாக்சிலின் ஏற்றிய அதே நிறுவனம், அது மிகவும் தேவைப்படும் இதயத்தசைக்கு ஏன் வெறும் ஹீமட்டாக்சிலின்–இயோசினோடு நிறுத்திக்கொண்டது என்பது எனக்கு விளங்கவில்லை. இரும்பு ஹீமட்டாக்சிலினோ பாஸ்போடங்ஸ்டிக் அமில ஹீமட்டாக்சிலினோ ஏற்றியிருந்தால் தட்டுகள் கருநீலப் படிக்கட்டுகளாக எழுந்து நிற்கும்.

தட்டு தெரியாததைச் சில்லறைக் குறையாக ஒதுக்கிவிட முடியாது. இதயம் முழுவதும் ஒத்திசைந்து சுருங்குவது அந்தத் தட்டுகளால்தான். செல்களை இறுகப் பிணைத்து இழுவிசையைக் கடத்தும் டெஸ்மோசோம்களும், ஒரு செல்லின் மின்தூண்டலை அடுத்த செல்லுக்கு நேரடியாகக் கடத்தும் இடைவெளிச் சந்திப்புகளும் அங்கேதான் உள்ளன. எலும்புத் தசையில் ஒவ்வோர் இழைக்கும் நரம்பு வந்து கட்டளையிட வேண்டும். இதயத்திலோ கட்டளை செல்லிலிருந்து செல்லுக்குத் தாவிச் செல்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே சான்று அந்தக் கோடு. அது இல்லாதபோது, பெயர்ச்சீட்டை மறைத்த சோதனையில் பெரும்பாலான மாணவர்கள் இதை ‘சாயம் சரியாக ஏறாத எலும்புத் தசை’ என்றார்கள். அவர்கள்மீது தவறில்லை. விற்பனையாளரிடம் முறையிட்டு வேறொரு ஸ்லைடு வாங்கினேன். மாற்றிக் கொடுப்பதில் அவர்கள் தயங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால், வந்ததும் அதே சாயத்தில் அமைந்த வெட்டுதான். சற்றே மெல்லியது என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

நாக்கு ஸ்லைடு எதிர்பாராத பரிசு. நாக்கில் எலும்புத் தசை வகை இழைகளே நீளவாக்கிலும், குறுக்காகவும், செங்குத்தாகவும் பின்னிக் கிடப்பதால், ஒரே பார்வையில் நெடுக்குவெட்டு, குறுக்குவெட்டு, சாய்வுவெட்டு மூன்றும் தெரிகின்றன. எலும்பை அசைக்காத இடத்திலும் ‘எலும்புத் தசை’ இருக்கலாம் என்பதற்கும் அது சான்று. இந்த இடத்தில் நாக்குக்குப் பதிலாக உணவுக்குழலின் வெட்டுகளைத் தந்திருக்கலாமே என்றும் தோன்றியது. உணவுக்குழலின் மேல் மூன்றிலொரு பகுதியில் எலும்புத் தசை வகையான வரித்தசையும், கீழ்ப்பகுதியில் மென்தசையும், நடுவில் இரண்டும் கலந்தும் இருப்பதால், விழுங்கும் செயல் நம் விருப்பத்தில் தொடங்கி நம் பிடியிலிருந்து நழுவுவதை அந்த ஒரே உறுப்பைக் கொண்டு காட்டிவிடலாம்.

இந்தப் பெட்டியில் காட்ட முடியாதவற்றையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். எலும்புத் தசையில் மெதுவாகச் சுருங்கிச் சோர்வடையாமல் உழைக்கும் இழைகளும், விரைந்து சுருங்கி விரைவில் களைக்கும் இழைகளும் உண்டு. கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருப்பதற்கு, இவ்விரு வகை இழைகளின் விகிதமும் அவற்றில் உள்ள மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தின் அளவும்தான் காரணம். பாரஃபினில் பதித்து ஹீமட்டாக்சிலின் ஏற்றிய வெட்டில் இந்த வேறுபாடு தெரியாது. உறையவைத்த திசுவில் நொதிவினைச் சாயம் ஏற்ற வேண்டும். எனவே, ‘தசை இழைகளின் எல்லா வகைகளும்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது மிகை. அதுபோலவே, அட்டைப்படத்தில் மனித உருவம் இருந்தாலும் உள்ளே இருப்பவை மனிதத் திசுக்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ‘பாலூட்டி’ என்று மட்டுமே பெயர்ச்சீட்டில் உள்ளது. திசு வகையைக் கற்க அது போதும். ஆனாலும் எந்த விலங்கு என்று குறிப்பிடுவது நேர்மையாக இருந்திருக்கும்.

இணையத்தில் இலவசமாகவே உயர்தர ஸ்லைடுப் படங்கள் கிடைக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்றவை தங்கள் திசுவியல் ஸ்லைடுகளை முழுமையாக வருடித் திறந்துவைத்திருப்பது உண்மை. அங்கே உள்ள இதயத்தசைப் படங்கள் இந்தப் பெட்டியின் ஸ்லைடைவிடப் பன்மடங்கு தெளிவானவை. நானே வகுப்பில் திரையில் காட்டுகிறேன். ஆனால், குவியத்தைத் திருகி, ஒளியைக் கூட்டிக் குறைத்து, கண்ணாடியை நகர்த்தித் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் திரையில் வராது. கல்லூரிகளில் விலங்குகளை அறுத்துக் காட்டும் முறையைப் படிப்படியாகக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டுதல் தந்த பிறகு, ஸ்லைடுகளின்மேல் விழும் பொறுப்பும் கூடியிருக்கிறது. அந்த அளவுக்குத் தயாரிப்பில் கவனம் கூடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்லைடுகளைக் கிடத்திவைக்கும் தட்டு தந்திருக்கிறார்கள்; புதிய ஸ்லைடில் ஒட்டுப்பசை முழுதும் இறுகும்வரை இதுவே நல்லது. சன்னலோரம் வெயில்படும் இடத்தில் வைத்தால் இயோசின் வெளுத்துவிடும். எங்கள் ஊர்போலக் கடற்கரை ஈரம் மிகுந்த இடங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைப்பது அவசியம். அது பெட்டியோடு வரவில்லை. இரண்டு கவர் ஸ்லிப்களின் ஓரத்தில் காற்றுக் குமிழி தெரிந்தது, ஆனால் திசுவைத் தொடவில்லை.

மொத்தத்தில், எலும்புத் தசைக்கும் மென்தசைக்கும் இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம்; பழைய, நிறம் வெளுத்த ஸ்லைடுகளோடு காலம் தள்ளும் பள்ளிகளுக்கு இது நிச்சயம் ஒரு படி மேல். இதயத்தசையைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கும்போது ‘இதயத்தசை, நெடுக்குவெட்டு’ என்று மட்டும் எழுதி அனுப்பாமல், எந்தச் சாயம் என்பதையும் ஆணையிலேயே குறிப்பிட்டு, இடைச்செருகு தட்டுகள் தெரிகின்ற ஒரு நுண்ணோக்கிப் படத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுக்கும் கடையில் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் வாங்காதீர்கள்.